சிட்னியா, மெல்பர்னா? மூன்று மணிக்குப் பையனைக் கூட்டிவரப் போவது யார்?

வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம்:

"நான்கு வருடமாக அடிலெய்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் நர்ஸ். கணவர் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். அவர் நிறுவனம் இங்கே உள்ள கிளையை மூடுகிறது. சிட்னி, மெல்பர்ன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். எங்கே போனாலும் வாரத்தில் மூன்று நாள் நகர மையத்தில் உள்ள அலுவலகத்துக்குப் போக வேண்டும். மகனுக்கு 2027 ஜூனில் ஐந்து வயது நிறைகிறது. பருவம் மாறினால் அவனுக்குத் தும்மலும் கொஞ்சம் மூச்சிரைப்பும் வரும். கணவரின் அண்ணன் குடும்பம் சிட்னியில், டூங்காபியில் இருக்கிறது. 'மெல்பர்ன் குளிரில் விறைத்துப் போவீர்கள், இங்கே வாருங்கள், நாங்கள் இருக்கிறோம்' என்கிறார் அண்ணன். மெல்பர்னில் டார்னிட்டில் இருக்கும் என் சிநேகிதியோ, 'சிட்னியில் சாகும்வரை கடன்தான் கட்டுவாய், இங்கே நாலு படுக்கையறை வீடே வாங்கலாம்' என்கிறாள். எங்களுடையது நிரந்தர வசிப்புக்கான 189 விசா. சேமிப்பு ஒரு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல். எது வாழ நல்ல ஊர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் நான் மெல்பர்ன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் உங்கள் சிநேகிதி சொல்லும் மெல்பர்ன் பக்கம் அல்ல. உங்கள் ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, ஒரே ஒரு விஷயத்துக்கு மனதாரச் சம்மதித்தால் கணக்கு சிட்னிக்கு மாறிவிடும். அது என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள போட்டி இன்று நேற்று வந்ததில்லை. 1850களின் தங்க வேட்டையில் மெல்பர்ன் வீங்கிப் பெருத்து, 1880களில் சிட்னியைவிடப் பெரிய ஊராக இருந்தது. 1901இல் கூட்டாட்சி அமைந்தபோது தலைநகர் யாருக்கு என்று இருவரும் விட்டுக்கொடுக்காததால்தான், தலைநகர் சிட்னியின் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் இருக்க வேண்டும், ஆனால் சிட்னியிலிருந்து குறைந்தது நூறு மைல் தள்ளி இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். புதிய தலைநகரான கான்பெரா தயாராகும்வரை, அதாவது 1927 வரை, நாடாளுமன்றம் மெல்பர்னில் நடந்தது. 2023இல்கூட, மேற்கு ஓரத்தில் உள்ள மெல்டனையும் சேர்த்து எண்ணினால் மெல்பர்ன்தான் பெரிய ஊர் என்று ஒரு கணக்கு வந்து, சிட்னிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கணவரின் அண்ணனும் உங்கள் சிநேகிதியும் பேசுவது இந்தப் பழைய சண்டையின் தொடர்ச்சிதான். அதில் உங்களுக்கு எந்தப் பங்கும் வேண்டாம்.

"உலகின் சிறந்த வாழிடம்" பட்டியல்களையும் ஓரம் வையுங்கள். எகனாமிஸ்ட் குழுமத்தின் பட்டியலில் 2011 முதல் 2017 வரை ஏழு வருடம் தொடர்ந்து மெல்பர்ன் முதலிடத்தில் இருந்தது, 2018இல் வியன்னாவிடம் இழந்தது. அந்தப் பட்டியலின் முக்கியப் பயன், வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் அதிகாரிகளுக்குச் சிரமப்படி எவ்வளவு கொடுக்கலாம் என்று நிறுவனங்கள் முடிவு செய்வது. வாடகையும் வீட்டுக்கடனும் அந்த மதிப்பெண்ணில் சேர்த்தியே இல்லை. வீட்டு வாடகையைக் கம்பெனி கட்டும் ஆளுக்கு அது பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது.

நகரமைப்பு வேலையில் இருக்கிற எனக்கு இந்த இரண்டு ஊரின் வித்தியாசம் முதலில் தெரிவது நிலத்தின் அமைப்பில்தான். சிட்னியைச் சுற்றி இயற்கையே வேலி போட்டிருக்கிறது. கிழக்கே கடல், தெற்கே ராயல் தேசியப் பூங்கா, வடக்கே கூரிங்காய் காடு, மேற்கே நீல மலை. நடுவில் துறைமுகம் வேறு ஊரை இரண்டாகக் கிழிக்கிறது. ஊர் பெருக வேண்டுமென்றால் மேற்கே வெயில் காயும் சமவெளிக்குத்தான் போக வேண்டும், அல்லது மேலே அடுக்க வேண்டும். மெல்பர்னுக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு. விரிகுடாவை விட்டால் மேற்கிலும் வடக்கிலும் தட்டையான எரிமலைப் பாறைச் சமவெளி. மனை பிரித்துக்கொண்டே போகலாம், போனார்கள். சிட்னியில் நடுமட்ட வீட்டு விலை 15 லட்சம் டாலரைத் தாண்டி நிற்க, மெல்பர்னில் சுமார் 10 லட்சத்தில் இருப்பதற்கு இது பெரிய காரணம். சிட்னி ஐந்து லட்சம் டாலர் அளவுக்கு நல்ல ஊர் என்று அர்த்தமில்லை.

இந்த மலிவுக்கும் ஒரு விலை உண்டு, அதைத்தான் உங்கள் சிநேகிதி சொல்லவில்லை. டார்னிட் நல்ல மனிதர்கள் வாழும் இடம், நம்மவர்களும் நிறைய. ஆனால் வீடுகள் வந்த வேகத்தில் மற்றவை வரவில்லை. அங்கே ரயில் நிலையம் 2015இல் வந்தது, சரி. ஆனால் வருவது நகரத்து மின்சார ரயில் அல்ல, ஜீலாங் என்ற வேறு ஊருக்குப் போகும் வி-லைன் டீசல் ரயில். காலையில் கூட்டம் நெரியும். நிலையத்துக்கே காரில் போக வேண்டிய தெருக்கள் அதிகம், கார் நிறுத்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு கார் என்பது அங்கே ஆடம்பரமல்ல, கட்டாயம். இரண்டாவது காரின் தவணை, காப்பீடு, பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டி வீட்டுக்கடனோடு சேர்த்துப் பாருங்கள். "மலிவு" கொஞ்சம் இளைத்துவிடும். அப்புறம் அந்தப் பக்கத்து மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் களிமண். அஸ்திவாரத்தைச் சரியாகப் போடாத வீடுகளில் சுவர் வெடிப்பது அங்கே வழக்கமான புகார். வாங்கும் முன் கட்டட ஆய்வுக்குக் காசு செலவழிக்கத் தயங்காதீர்கள்.

முதல் வீடு வாங்குவோருக்கான முத்திரைக் கட்டணச் சலுகையில் சிட்னிதான் தாராளம். நியூ சவுத் வேல்ஸில் 8 லட்சம் டாலர் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை ஓரளவு தள்ளுபடி. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் முழு விலக்கு 6 லட்சம் வரைதான், தள்ளுபடி 7.5 லட்சத்தோடு நின்றுவிடும். அதாவது 7.8 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கினால் சிட்னியில் சுழியம், மெல்பர்னில் சுமார் 42 ஆயிரம் டாலர். உங்கள் சேமிப்பில் அது பெரிய துண்டு. ஆனால் 7.8 லட்சத்துக்குச் சிட்னியில் கிடைப்பது வெஸ்ட்மீட், பாரமட்டா பக்கம் ஒரு யூனிட் (அடுக்குமாடிக் குடியிருப்பு), மெல்பர்னில் கிடைப்பது சின்னதாக ஒரு கொல்லையோடு வீடு. 2025 அக்டோபர் முதல் மத்திய அரசின் ஐந்து சதவீத முன்பணத் திட்டத்துக்கு வருமான வரம்பு இல்லை என்பதால் வங்கி உங்களை ஆசை காட்டும். ஐந்து சதவீதம் போட்டு வாங்கினால் மீதி 95க்கும் வட்டி கட்டப் போவது நீங்கள்தான். அவசரப்படாதீர்கள்.

இனி உங்கள் வேலை. கடிதத்தில் கணவரின் அலுவலகத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் வேலையைப் பற்றி ஒரு வரிதான். என்னைக் கேட்டால் ஊரைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் ரோஸ்டர், அதாவது ஷிஃப்ட் அட்டவணை. நர்ஸ் பதிவு 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒன்று என்பதால் அந்த அலைச்சல் இல்லை. 189 விசாவுக்கு ஒரு மாநிலம் பரிந்துரைக்கும் நாமினேஷன் கிடையாது, ஆகவே எங்கும் போகலாம். வேலைச் சூழலில்தான் வேறுபாடு. விக்டோரியாவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்பது 2015 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனையின் பொது வார்டில் பகலில் நாலு பேருக்கு ஒருவர், அதோடு ஒரு பொறுப்பு நர்ஸ். இரவில் எட்டு பேருக்கு ஒருவர். நியூ சவுத் வேல்ஸில் இதுபோன்ற ஏற்பாடு 2023க்குப் பிறகுதான், அவசரப் பிரிவுகளில் தொடங்கிப் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. சம்பளத்திலும் அப்படித்தான். விக்டோரியா அரசு நர்ஸ்கள் 2024இல் போட்ட ஒப்பந்தம் 2027க்குள் 28.4 சதவீத உயர்வு தருகிறது. அதே 2024இல் நியூ சவுத் வேல்ஸ் நர்ஸ்கள் 15 சதவீதம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். உங்கள் அனுபவ வருடத்துக்கு இரண்டு மாநிலத்திலும் இன்று என்ன சம்பளம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டு விலை குறைந்த ஊரில் சம்பளமும் குறைவு என்பது பொதுவான விதி. நர்ஸ் விஷயத்தில் அந்த விதி செல்லாது.

இப்போது ஓரகத்தி. காலை ஷிஃப்ட் ஏழு மணிக்குத் தொடங்கும். மதிய ஷிஃப்ட் முடிய இரவு ஒன்பதரை ஆகும். பள்ளி விடுவது மூன்று, மூன்றேகால். பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பு பெரும்பாலும் ஆறு மணி வரைதான். உங்களுக்கு மதிய ஷிஃப்ட், கணவருக்கு அலுவலக நாள், இரண்டும் ஒரே நாளில் வந்தால் அவர் ஐந்து மணிக்கெல்லாம் ரயிலில் இருந்தாக வேண்டும். ஒரு ரயில் ரத்தானால் ஆறு மணிக்குப் பையனோடு பொறுப்பாளரும் வாசலில் நிற்பார். நீங்கள் வார்டில் போனை எடுக்க முடியாத நிலையில் இருப்பீர்கள். இதை வாரத்துக்கு இரண்டு தடவை என்று வைத்து ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள். இதற்கு முன்னால் சிட்னியின் துறைமுகப் பாலமும் மெல்பர்னின் டிராம் வண்டியும் ஒன்றுமில்லை.

ஆகவே "நாங்கள் இருக்கிறோம்" என்று அண்ணன் சொன்னதற்கு என்ன பொருள் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடா, அல்லது செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பள்ளி வாசலா? கேட்க வேண்டியது அண்ணனிடம் அல்ல, ஓரகத்தியிடம். வாக்குக் கொடுப்பது அண்ணன், காரை எடுப்பது ஓரகத்தி. அவருக்கும் வேலை இருக்கலாம், அவர் பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்கலாம். கணவர்கள் இல்லாத நேரத்தில் போன் போட்டு, "அக்கா, வாரத்துக்கு இரண்டு நாள் இவனைக் கூட்டிவர முடியுமா, நாள் எனக்கு மாறி மாறி வரும், முடியாது என்றாலும் வருத்தமில்லை" என்று நேராகவே கேளுங்கள். சட்டென்று சரி என்றால் சிட்னி போங்கள். டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் மூன்றும் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்த நிலையங்கள். அடுத்த நிறுத்தம் வெஸ்ட்மீட், பெரிய மருத்துவமனை வளாகம். அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது சலுகை விலையில் கிடைக்கும் எந்த வீட்டையும்விட மதிப்பு அதிகம். "பார்க்கலாம்மா, வாங்க முதல்ல" என்று பதில் வந்தால் அதற்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும். மனக்கசப்பு இல்லாமல் மெல்பர்ன் போங்கள்.

மகனின் பிறந்த மாதமும் இதில் ஒரு ஆட்டம் ஆடுகிறது. நியூ சவுத் வேல்ஸில் ஜூலை 31க்குள் ஐந்து நிறையும் பிள்ளை அந்த வருடத் தொடக்கத்திலேயே பள்ளியில் சேரலாம். விக்டோரியாவில் அந்தக் கெடு ஏப்ரல் 30. உங்கள் மகன் ஜூன். எனவே சிட்னியில் 2027 தொடக்கத்திலேயே பள்ளியின் முதல் வருடமான கிண்டர்கார்டன் போகலாம், அப்போது அவனுக்கு நாலரை வயதுதான். மெல்பர்னில் 2028இல்தான் அந்த முதல் வருடம், அங்கே அதன் பேர் பிரெப். சைல்ட்கேர் கட்டணம் மானியத்துக்கு முன் நாளுக்கு 150 டாலரைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்டதால், ஒரு வருட வித்தியாசம் பையில் நன்றாகத் தெரியும். விக்டோரியாவில் நாலு வயதுப் பிள்ளைக்கு வாரம் 15 மணி நேரம் கிண்டர் (பள்ளிக்கு முந்தைய வகுப்பு) இலவசம் என்பது கொஞ்சம் ஈடு செய்யும். ஆனால் காசுக்காக மட்டும் நாலரை வயதில் சேர்த்துவிடாதீர்கள். சிட்னியில் ஆண்பிள்ளையை, அதுவும் ஜூன், ஜூலையில் பிறந்தவனை, ஒரு வருடம் தள்ளிச் சேர்க்கும் பெற்றோர் நிறைய. சட்டப்படி ஆறு வயதுக்குள் சேர்த்தால் போதும். நாலரையில் சேரும் பிள்ளையின் பக்கத்தில் தன்னைவிட ஒரு வயது மூத்தவன் உட்கார்ந்திருப்பான்.

அதே சிட்னியில் இன்னொரு பழக்கத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் செலக்டிவ் அரசுப் பள்ளிகள் நாற்பதுக்கு மேல். ஆறாம் வகுப்பில் தேர்வு, அதற்கு முன்னோட்டமாக ஐந்தாம் வகுப்பில் திறமைசாலிப் பிள்ளைகளுக்கென உள்ள ஓ.சி. வகுப்புக்கான தேர்வு நாலாம் வகுப்பிலேயே. நம்மவர்கள் வட்டத்தில் எட்டு வயதிலேயே "எந்த கோச்சிங்?" என்ற கேள்வி தொடங்கிவிடும். மெல்பர்னிலும் செலக்டிவ் பள்ளி உண்டு, ஆனால் நாலுதான், அதுவும் ஒன்பதாம் வகுப்பில் நுழைவு. அங்கே ஓட்டம் வேறு மாதிரி: பேர்பெற்ற அரசுப் பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள் வீடு பிடிப்பது. கிளென் வேவர்லி, பால்வின் பள்ளிகளின் எல்லைக்கோட்டில் ஒரே தெருவின் இரு பக்கத்துக்கும் விலை வேறு. எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன்; சிட்னியில் பிள்ளை ஓடுகிறது, மெல்பர்னில் பெற்றோரின் கடன் ஓடுகிறது. தமிழ் விஷயத்தில் இரண்டும் சமம்தான். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் இரண்டிலும் உண்டு, பள்ளி இறுதித் தேர்வுகளான எச்.எஸ்.சி., வி.சி.இ. இரண்டிலுமே தமிழைப் பாடமாக எடுக்கலாம். சிட்னியின் மேஸ் ஹில்லில் ஒரு முருகன் என்றால் மெல்பர்னின் சன்ஷைன் நார்த்தில் ஒரு முருகன்.

குளிரைப் பற்றி அண்ணன் சொன்னதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அடிலெய்டில் நாலு குளிர்காலத்தைக் கழித்தவருக்கு மெல்பர்ன் ஒன்றும் வேற்றுக்கிரகம் இல்லை, ஒரு டிகிரி குறையும், மேகம் கூடும். மெல்பர்ன் எப்போதும் மழை ஊர் என்பதும் தவறான பேச்சு. சிட்னியில் வருடத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் பெய்கிறது, மெல்பர்னில் அதில் பாதிதான். தூறிக்கொண்டே இருப்பதால் அதிகம் போலத் தோன்றும். 2022இல் சிட்னியில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது வாடகை வீடுகளில் பூஞ்சை பிடித்துப் படாத பாடு பட்டார்கள். அப்புறம், அண்ணன் இருப்பது கடற்கரைச் சிட்னி அல்ல, மேற்குச் சிட்னி. அதே சமவெளியில் இன்னும் மேற்கே இருக்கும் பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி.

ஆனால் மகனின் தும்மலையும் மூச்சிரைப்பையும் நான் அலட்சியப்படுத்த மாட்டேன். நர்ஸான உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்னில் இடி மழையோடு புல் மகரந்தம் சிதறி ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். அதுவரை ஆஸ்துமாவே இல்லாமல், வெறும் மகரந்தத் தும்மல் மட்டும் இருந்தவர்களும் பாதிக்கப்பட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே இதற்கென்றே தினமும் அபாய முன்னறிவிப்பு வெளியிடுகிறார்கள். மெல்பர்ன் முடிவானால், கிளம்பும் முன்பே குழந்தை மருத்துவரிடம் காட்டி ஒவ்வாமை எதற்கு என்று பார்த்து, ஆஸ்துமாத் திட்டம் ஒன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரை என்ற புல்லின் மகரந்தத்துக்கு ஒவ்வாமை கடுமையாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அவர் பேச்சைக் கேளுங்கள்.

சரி, மெல்பர்ன் என்றால் எங்கே? சன்ஷைனையும் செயின்ட் ஆல்பன்ஸையும் பாருங்கள். பழைய தொழிற்சாலைப் பகுதி. பார்வைக்கு அவ்வளவு பளிச்சென்று இருக்காது, உறவினர்கள் மூக்கைச் சுளிக்கலாம். ஒரு தொழிலாளி, மனைவி, மூன்று பிள்ளைகளோடு கௌரவமாக வாழ வாரம் 42 ஷில்லிங் வேண்டும் என்று 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ் தீர்ப்புச் சொன்னாரே, அந்த வழக்கு இந்த ஊர் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையைப் பற்றியதுதான். இன்று அங்கே வீட்டு விலை நகரத்து நடுமட்டத்தைவிடக் குறைவு. சன்பரி பாதையில் மின்சார ரயில், அதுவும் மெட்ரோ சுரங்கம் 2025 கடைசியில் திறந்தபின் நேராகப் பார்க்வில் மருத்துவமனை வட்டாரத்துக்கும் நகர மையத்துக்கும் போகிறது. சன்ஷைன் மருத்துவமனையும் குழந்தைகள், மகப்பேறு மருத்துவமனையும் ஜினிஃபர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. கணவருக்கு ஒரே ரயில், உங்களுக்கு நடை அல்லது ஐந்து நிமிடக் கார். ஒரு கார் போதும். டார்னிட் ரயிலும் சன்ஷைனில் நிற்பதால் சிநேகிதியும் வந்து போகலாம்.

எந்த ஊரானாலும் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். வரப்போகும் ரயிலை நம்பி வீடு வாங்காதீர்கள். வெஸ்ட்மீட்டுக்கு மெட்ரோ 2032இல் என்கிறார்கள், மெல்பர்ன் விமான நிலைய ரயிலை எத்தனையோ ஆட்சிகள் அறிவித்துவிட்டன, ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம். வீடு பார்க்கச் சனிக்கிழமை போதாது. ஒரு வேலை நாள் மாலை ஐந்து மணிக்கு நகர மையத்திலிருந்து ரயில் ஏறி, இறங்கி, அந்த வீட்டுக்கு நடந்தே போய்ப் பாருங்கள். பள்ளி எல்லைக்குள் வீடு இருக்கிறதா என்று வீட்டு முகவரியைப் போட்டு நீங்களே பாருங்கள், வீட்டு முகவர் சொல்வதை எடுக்காதீர்கள். மருத்துவமனை நேர்காணலில் ரோஸ்டர் எத்தனை வாரத்துக்கு முன் வெளியாகும், நிலையான ஷிஃப்ட் கேட்டால் தருவார்களா என்று கேளுங்கள். அந்தப் பதிலை எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஓரகத்திக்குப் போன் போடுங்கள்.